ஏழு நாள் காட்டக் கூடாது

எல்டர்கோம்ப் பள்ளி, நோயறை
12 அக்டோபர் 1863

தம்பி ஆம்ப்ரோஸ்,

என் கையெழுத்தைப் பார்த்ததும் உன் புருவம் மேலே ஏறுவது இங்கிருந்தே தெரிகிறது. படிக்காமல் அடுப்பில் போட்டுவிடாதே. இரண்டு வருஷமாக நானும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. உன் மனைவி போனபோது ஹியூபர்ட்டை நான் வளர்க்கிறேன் என்று கேட்டதற்கு, "நோயறையில வளர்ற பையன் மேல மருந்து நாத்தந்தான் அடிக்கும்" என்றாய். அதை மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

போன மாதம் பையனை இதே பள்ளியில் கொண்டுவந்து சேர்த்தாய். இங்கே நோயறையைப் பார்த்துக்கொள்ளும் மேட்ரனாக அவன் அத்தைதான் இருக்கிறாள் என்று தெரிந்தும், நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசக் கூடாது என்று விடுதி ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் போனாய். அதையும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டேன். தூரத்திலிருந்து பார்த்துக்கொள்கிறேன். பதிமூன்று வயதுக்கு நல்ல உயரம். கால் மட்டும் கொக்குக் கால்.

அந்தக் காலைப் பற்றித்தான் எழுதுகிறேன். நவம்பர் ஏழாம் தேதி, சனிக்கிழமை, இங்கே சந்து ஓட்டம். பெரிய பையன்கள் அறுபது பேர் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று ஒரு சந்து அமைப்பார்கள். புதிதாய்ச் சேர்ந்த ஒவ்வொருவனும் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு அதன் நடுவே ஓட வேண்டும். ஓடும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் கணைக்காலில் உதைப்பார்கள். விழுந்தால் எழுந்து ஓட வேண்டும். பந்தை விட்டால் மறுபடி முதலிலிருந்து. போன வருஷம் அதற்கு அடுத்த வாரம் பதினோரு பேருக்கு நான் கட்டுப் போட்டேன். இந்த வருஷம் புதியவர்கள் பத்தொன்பது பேர், அதில் உன் மகனும் ஒருவன்.

பந்தாட்டக் கேப்டன் ட்ரெமெய்னிடம் பேசிப் பார்த்தேன். பதினெட்டு வயது, நல்ல மரியாதை தெரிந்த பையன். "அம்மா, இது எட்வர்ட் ராஜா காலத்துலேர்ந்து நடந்துட்டு வருது. விதிப் புத்தகத்துலயே அச்சுல இருக்கு. நான் யாரு அதை நிறுத்த?" என்றான். முந்நூறு வருஷத்தைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தினால் ஒரு மேட்ரன் என்ன பேசுவது?

தகப்பன் கைப்பட இரண்டு வரி வந்தால் பள்ளி யோசிக்கும் என்று நினைக்கிறேன். அந்த இரண்டு வரியை எழுது. இன்னொன்றும் சொல்ல இருக்கிறது, அதை எழுதக் கை வரவில்லை.

டார்கஸ்


பிரிஸ்டல்
15 அக்டோபர் 1863

அன்புள்ள அக்கா,

அடுப்பில் போடவில்லை, பார். இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறாயே, ஒரு நலம் விசாரிப்பு உண்டா? நேராகக் கணைக்காலுக்குப் போய்விட்டாய்.

நீ கட்டுத் துணி பக்கமிருந்து மட்டும் பந்தாட்டத்தைப் பார்க்கிறாய். நாங்கள் படித்த காலத்தில் அந்தப் பள்ளி எப்படி இருந்தது தெரியுமா? பாடம் முடிந்தால் குடியானவன் வீட்டு வாத்தைத் திருடுவது, ஊர்ப் பையன்களோடு கல்லெறிச் சண்டை, பின்கட்டில் பீர். ஒரு தடவை தலைமை ஆசிரியரையே அறையில் வைத்துப் பூட்டினார்கள். இதையெல்லாம் எந்த ஆசிரியரும் நிறுத்தவில்லை, பந்துதான் நிறுத்தியது. மாலையில் களைத்துப் போகிறவன் ராத்திரி வாத்துக்குப் போக மாட்டான். இப்போதிருக்கும் தலைமை ஆசிரியர் ஆட்டத்தைக் கட்டாயம் ஆக்கியது சும்மாவா?

லண்டனில் இந்த மாதம் பந்துச் சங்கங்களெல்லாம் கூடப் போகின்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு விதி இருப்பதால், பள்ளியை விட்டு வந்தவர்கள் ஒன்றாக ஆட முடியவில்லை. ஒருவன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறான், இன்னொருவன் கை பட்டாலே கத்துகிறான். ஆடுகிற நேரத்தைவிட வாதாடுகிற நேரம் அதிகம். அதனால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு விதி எழுதுகிறார்கள். அதில் எதிராளியின் காலை உதைப்பதை எடுத்துவிட வேண்டும் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்களாம். உதையை எடுத்தால் அது ஆட்டமா, நடனப் பள்ளியா என்று நேற்றுத்தான் அவர்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். அப்படிப்பட்டவனிடம் வந்து விலக்குக் கேட்கிறாயே!

இப்போது ஒரு ரகசியம் சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி. சந்து ஓட்டத்தைக் கண்டுபிடித்தது எட்வர்ட் ராஜா இல்லை. உன் தம்பி.

நிஜம். 1841 நவம்பர். ஒரு வாரமாக மழை, மைதானம் முழுக்கத் தண்ணீர். நான் கேப்டன், பதினேழு வயது. பொழுது போகவில்லை. நடைவழியில் நாற்பது பேரை வீட்டுச் செருப்போடு இரண்டு வரிசையாக நிற்க வைத்து, கால்வெல் என்ற புதுப்பையனை நடுவில் ஓடவிட்டேன். அவன் "இதெல்லாம் யாரு சொன்னது?" என்று எதிர்த்துக் கேட்டான். முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லாமல், "எட்வர்ட் ராஜா காலத்துப் பழக்கம்டா இது" என்றேன். அத்தனை பேரும் நம்பினார்கள்! நான் அடுத்த வருஷமே பள்ளியை விட்டுப் போனேன், அதோடு மறந்தும் போனேன். அது இன்னும் நடக்கிறது, அச்சிலும் ஏறிவிட்டது என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் குமாஸ்தா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

ஹியூபர்ட் ஓடட்டும். செருப்புக் காலால் நாலு தட்டு வாங்கினால் ஒன்றும் ஆகிவிடாது. அந்த விதியை மட்டும் எழுதி அனுப்பு. என் புளுகு எந்த லட்சணத்தில் வளர்ந்திருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஆம்ப்ரோஸ்


எல்டர்கோம்ப்
19 அக்டோபர் 1863

ஆம்ப்ரோஸ்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ சிரித்தாய் என்ற இடத்தை மட்டும் என்னால் தாண்ட முடியவில்லை.

விதி கேட்டாய். இதோ, எழுத்து மாறாமல்:

"விதி 31. எட்வர்ட் அரசர் காலந்தொட்டு நிலவும் வழக்கப்படி நவம்பர் முதல் சனிக்கிழமை சந்து ஓட்டம் நடைபெறும். பூட்ஸின் முனையில் இரும்பு இருக்கலாம். முழங்காலுக்கு மேல் உதைத்தல் கூடாது. ஓடியவன் ஏழு நாள்வரை தன் காலை மேட்ரனுக்கோ மருத்துவருக்கோ காட்டக் கூடாது. காட்டினால் அவன் ஓடியதாகக் கணக்கில்லை. ஓடாதவனோடு எவரும் ஆடவோ உண்ணவோ பேசவோ மாட்டார்கள்."

உன் வீட்டுச் செருப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார். அக்டோபர் கடைசி வாரம் இந்த ஊர்ச் செருப்புத் தைப்பவர் வேறு வேலை எதுவும் எடுப்பதில்லை. அறுபது ஜோடிக்கு இரும்பு முனை அடித்துக் கொடுக்கிறார்.

போன கடிதத்தில் எழுத முடியாததை இப்போது எழுதுகிறேன். போன வருஷம் ஓடியவர்களில் வின் என்று ஒரு பையன். வேல்ஸ்காரன், பன்னிரண்டு வயது, எப்போதும் ஏதாவது முணுமுணுவென்று பாடிக்கொண்டிருப்பான். எட்டாம் நாள் காலையில் நொண்டிக்கொண்டே வந்து நோயறைக் கதவைத் தட்டினான். முகம் முழுக்கச் சிரிப்பு. "ஏழு நாள் முடிஞ்சிருச்சு மேட்ரன், இப்ப பாருங்க!" என்று காலுறையை இறக்கினான். இறங்கவில்லை, தோலோடு ஒட்டியிருந்தது. நான் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து எடுத்தேன். முழங்கால்வரை கறுத்துப்போயிருந்தது ஆம்ப்ரோஸ். ஏழு நாள் அதோடு வகுப்புக்குப் போயிருக்கிறான், மைதானத்தில் நின்றிருக்கிறான், ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. ஒன்பது நாள் என் கையில் கிடந்து செத்துப்போனான். கடைசிவரை, "நான் ஓடிட்டேன்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

பதிவேட்டில் காய்ச்சல் என்று எழுதினார்கள். கீழே கையெழுத்துப் போட்டவள் நான். இது பையன்களின் சொந்த விவகாரம், அவர்கள் ஆட்டத்தில் ஆசிரியர்கள் தலையிடுவதில்லை என்றார் தலைமை ஆசிரியர். எனக்கு வேறு போக்கிடம் இல்லை. போட்டேன்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். சந்து உன்னுடையது என்றாய். அந்த ஏழு நாளும் உன்னுடையதுதானா?

டார்கஸ்


பிரிஸ்டல்
22 அக்டோபர் 1863

அக்கா,

ஆமாம். என்னுடையதுதான்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பொழுது போகவில்லை என்று போன கடிதத்தில் எழுதினேன், அது பொய். அந்த வாரம் ஒரு ஆட்டத்தில் எல்லார் முன்னாலும் நான் சேற்றில் மல்லாக்க விழுந்தேன். கால்வெல் சிரித்தான். அவ்வளவுதான் அவன் செய்தது. அவனை உதைக்க ஆசைப்பட்டேன், தனியாக உதைத்தால் மாட்டிக்கொள்வேன். அதனால் நாற்பது பேரை நிறுத்தி அதற்கு ஒரு ராஜாவின் பெயரையும் வைத்தேன்.

முடிந்தபோது அவன் காலில் ரத்தம். பயந்துபோனேன். அப்போதிருந்த மேட்ரன் பொல்லாதவள், கண்டால் நேரே தலைமை ஆசிரியரிடம் போவாள், என்னைப் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவார்கள். காயம் ஆற ஒரு வாரமாவது ஆகும் என்று கணக்குப் போட்டு, "ஏழு நாள் யார்கிட்டயும் காட்டக் கூடாது, காட்டினா ஓடினதா கணக்கில்ல. இதுவும் ராஜா காலத்து விதிதான்" என்று அவனிடம் சொன்னேன். என் தோலைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னது. வேறு எதற்கும் இல்லை.

அந்த வின் பையனைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் பயம்தான் அவன் காலில் ஏழு நாள் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

ஹியூபர்ட்டுக்கு ஓடாதே என்று எழுதிவிட்டேன். தலைமை ஆசிரியருக்கும் எழுதினேன். அவனை மட்டும் விலக்கினால் மற்ற பதினெட்டு பேர் இருக்கிறார்கள், விலக்கியவனோடு ஒருவனும் பேச மாட்டான். அதனால் வேரிலேயே கை வைக்கப் போகிறேன். முப்பத்தோராம் தேதி பையன்களின் பந்துக் கூட்டம். பழைய கேப்டன்களுக்கு அங்கே பேச உரிமை உண்டு. எழுந்து நின்று, இது ராஜா காலத்தது இல்லை, நான் கட்டிய கதை, இதுதான் காரணம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். மானம் போனால் போகட்டும். கண்டுபிடித்தவனே பொய் என்று சொன்ன பிறகு எப்படி நடத்துவார்கள்?

ஆம்ப்ரோஸ்


எல்டர்கோம்ப்
27 அக்டோபர் 1863

தம்பி,

நீ இவ்வளவு சொல்வாய் என்று நான் நினைக்கவில்லை. உன்னைத் திட்ட எடுத்து வைத்திருந்த வார்த்தைகள் அப்படியே இருக்கின்றன, இப்போது தேவைப்படவில்லை.

ஒன்று மட்டும் மனதை அரிக்கிறது. உன் உத்தரவை மீறி நேற்று ஹியூபர்ட்டை நடைவழியில் நிறுத்தினேன். சண்டை போடாதே, நிறுத்தியாகிவிட்டது. உன் கடிதம் அவன் சட்டைப் பையில் இருந்தது.

"அப்பா ஓடாதேன்னு எழுதியிருக்காரு அத்தை. ஆனா அது அப்பா பேசுற மாதிரியே இல்ல. நீங்கதானே எழுத வெச்சீங்க?"

"இல்லடா. அவராத்தான் எழுதினாரு."

"எங்கப்பா கேப்டனா இருந்தவரு. அவரு எனக்குச் சொன்னதெல்லாம், விழுந்தா எந்திரி, அழாதேன்னுதான். இப்ப மட்டும் எப்படி மாறுவாரு?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். கோபம்கூட இல்லை. நான் ஏதோ செல்லம் கொஞ்சுகிறேன் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டான்.

பதிமூன்று வருஷம் ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒரே கடிதத்தில் அழிக்கப் பார்க்கிறாய். கூட்டத்துக்கு வருவதற்கு முன்னால் அவனிடம் தனியாகப் பேசு. இது என் வேண்டுகோள்.

டார்கஸ்


பிரிஸ்டல்
1 நவம்பர் 1863

அக்கா,

உன்னைப் பார்க்காமலேயே வண்டி ஏறிவிட்டேன், மன்னித்துக்கொள். அந்த முகத்தோடு உன் முன்னால் வந்து நிற்க முடியவில்லை. மண்டபத்துக்குள் பெண்களை விடமாட்டார்கள் என்பதால் உனக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும். நடந்ததை எழுதுகிறேன்.

நீ சொன்னபடி ஹியூபர்ட்டிடம் முதலில் பேசவில்லை. ரயில் தாமதம் என்று சொல்லலாம். உண்மையில் தைரியம் இல்லை. ஊருக்கு முன்னால் அவமானப்படுவது, பெற்ற பிள்ளைக்கு முன்னால் தனியாக அவமானப்படுவதைவிட எனக்குச் சுலபமாக இருந்தது.

பழைய கேப்டன் என்று என் பெயரைச் சொன்னதும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் சொன்னேன். மழை, செருப்பு, கால்வெல், ராஜா, ஏழு நாள், எல்லாவற்றையும். நிறுத்தாமல் சொன்னேன். வின் பெயரையும் சொன்னேன்.

பிறகு யாரோ சிரித்தார்கள். அது அப்படியே மண்டபம் முழுவதும் பரவியது. நான் வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்! ட்ரெமெய்ன் எழுந்து பணிவாக, "ஐயா, நீங்க இருந்த காலத்துல அது கொஞ்ச நாள் நின்னு போயிருக்கும், நீங்க திரும்ப ஆரம்பிச்சிருப்பீங்க. அதனால உங்களுக்கு அப்படித் தோணுது. விதி உங்களைவிடப் பழசு ஐயா. இதோ, அச்சுல இருக்கே" என்று புத்தகத்தை நீட்டினான். நான் வழக்கறிஞன் அக்கா. பதினைந்து வருஷமாக நீதிமன்றத்தில் நின்று பேசுகிறவன். என் வாயிலிருந்தே பிறந்த புளுகை அச்சில் காட்டி என்னையே மடக்கினான் ஒரு பதினெட்டு வயதுப் பையன்.

"சத்தியமா சொல்றேன்டா, நான்தான் செஞ்சேன்!" என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாரும் தர்மசங்கடமாகத் தரையைப் பார்த்தார்கள்.

அப்போது கடைசி வரிசையில் ஹியூபர்ட் எழுந்தான். புதியவர்களுக்குப் பேச உரிமை இல்லை. ட்ரெமெய்ன் விட்டான்.

"எங்கப்பா பொய் சொல்றாரு" என்றான். "எனக்கு அடிபடக் கூடாதுன்னு சொல்றாரு. அவரு மேல தப்பு இல்ல, எங்கம்மா இல்லாததால பயப்படுறாரு. தயவுசெஞ்சு யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்காதீங்க. நான் ஓடுறேன். முதல் ஆளா ஓடுறேன்."

கூரை இடிந்து விழுகிற மாதிரி ஆரவாரம். என் மகனைத் தோளில் தூக்கினார்கள். நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை முழு உண்மை சொன்னேன், என் பிள்ளை அதைப் பொய் என்றான். என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான். இதை நான் எங்கே போய்ச் சொல்லி அழுவது?

பள்ளியை விட்டு அழைத்துப் போகிறேன் என்று அப்போதே தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். பையன் மறைந்துகொண்டான், இரண்டு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை, கடைசி ரயில் போய்விடும் என்று அவர்களே என்னை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நாளைமுதல் சனிவரை நீதிமன்றத்தில் என்னை விடமாட்டார்கள். நீதான் அக்கா. வெள்ளிக்கிழமை அவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லி நோயறையில் வைத்துப் பூட்டு. பொய்க் காய்ச்சல் எழுது. இந்த ஒரு பொய்யை எனக்காக எழுது.

ஆம்ப்ரோஸ்


எல்டர்கோம்ப்
9 நவம்பர் 1863, திங்கள் காலை

ஆம்ப்ரோஸ்,

இதைப் பார்த்ததும் எந்த நீதிமன்றமானாலும் விட்டுவிட்டுக் கிளம்பு.

நீ சொன்னபடியே செய்தேன். வெள்ளி மாலை அவனைக் கூப்பிட்டு, நாக்கைப் பார்த்து, காய்ச்சல் என்று எழுதிப் படுக்கவைத்துக் கதவைப் பூட்டினேன். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். சனிக்கிழமை கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது ஜன்னல் திறந்திருந்தது. படுக்கையை அழகாக மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தான்.

மைதானத்துக்கு ஓடினேன். வேலிக்கு உள்ளே என்னை விடவில்லை, தோட்டக்காரர் இரண்டு பேர் மறித்து நின்றார்கள். முதலில் ஓடியவன் உன் பிள்ளைதான். சொன்ன சொல் தவறவில்லை. வரிசையின் பாதியில் விழுந்தான், பந்து நழுவியது. முதலிலிருந்து ஓடினான். மறுபடி விழுந்தான். மூன்றாவது தடவை கடைசிவரை போய்ச் சேர்ந்தான். உதைத்தவர்களே அவனைக் கட்டிப்பிடித்துக் கொண்டாடினார்கள். ஒருத்தன் முகத்திலும் வன்மம் இல்லை. அவ்வளவு பேரும் அவன்மேல் பிரியமாகத்தான் இருந்தார்கள்.

நேற்று விடுதிக்குப் போனேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இடது காலுறை வெளிப்பக்கம் முழுக்கக் காய்ந்த ரத்தம். நெற்றியைத் தொடப் போனேன், தலையைத் திருப்பிக்கொண்டான்.

"ஏழு நாள்தானே அத்தை. ரெண்டு நாள் போயிடுச்சு."

"காலைக் காட்டுடா. யாருக்கும் தெரியாது. என் மேல ஆணையா சொல்ல மாட்டேன்."

"எனக்குத் தெரியுமே" என்றான்.

கையைப் பிடித்து இழுத்தேன். விடுதி ஆசிரியர் வந்து என்னைத்தான் வெளியே அனுப்பினார். மருத்துவர் கிப்பர்ன் வரத் தயாராக இருக்கிறார், பையன் சம்மதமோ தகப்பன் உத்தரவோ இல்லாமல் தொடமாட்டேன் என்கிறார். இன்று காலை பிரார்த்தனையில் அவன் நின்ற விதத்தைப் பார்த்தேன். நிஜமாகவே காய்ச்சல் வந்துவிட்டது. வின்னுக்கு இப்படித்தான் தொடங்கியது. தந்தியும் கொடுக்கிறேன். வா.

டார்கஸ்


பிரிஸ்டல்
24 நவம்பர் 1863

அக்கா,

இங்கே வந்து சேர்ந்தேன். வீட்டில் எந்த அறையிலும் உட்கார முடியவில்லை.

அவன் தோள் இரண்டையும் கட்டிலோடு அழுத்திப் பிடித்தது என் கைதான். கிப்பர்ன் கத்தரியால் காலுறையை வெட்டும்போது அவன் போட்ட கூச்சலை நீயும் கேட்டாய். வலியில் கத்துகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். "நாலு நாள் ஆயிடுச்சு! இன்னும் மூணுதான்! விடுங்கப்பா, இன்னும் மூணுதான்!" என்று கத்தினான். என் கணக்கையே என்னிடம் சொல்லிக் கெஞ்சினான்.

நான்காம் நாளே பார்த்ததால்தான் உயிர் தப்பியது, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தால் போதும் என்று ஆயிற்று, அதிர்ஷ்டம் என்கிறார் கிப்பர்ன். அவர் நல்ல மனிதர். அந்த வார்த்தையை இனி என் காதில் போட வேண்டாம் என்று அவரிடம் சொல்.

மயக்கம் தெளிந்த பிறகு ஒரு வாரம் அவன் பக்கத்திலேயே இருந்தேன். என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டே, "நீங்க வீட்டுக்குப் போங்கப்பா" என்றான். அதனால்தான் வந்தேன். ஓடிவந்துவிட்டேன் என்று நினைக்காதே. அல்லது நினை, எனக்கு அதற்கு யோக்கியதை உண்டு.

லண்டன் கூட்டத்துக்கு இரண்டாவது கடிதம் போட்டேன், உதையை எடுத்துவிடுங்கள் என்று. என் முதல் கடிதத்தை அவர்கள் ஏற்கெனவே உரக்கப் படித்துக் கைதட்டிவிட்டார்களாம். இரண்டாவதும் கிடைத்தது, கருத்து கவனத்தில் கொள்ளப்படும் என்று செயலாளர் எழுதியிருக்கிறார்.

அவன் பயணம் செய்யலாம் என்றானதும் அனுப்பிவை. இங்கே வைத்து நான் பார்த்துக்கொள்கிறேன். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

ஆம்ப்ரோஸ்


எல்டர்கோம்ப்
11 டிசம்பர் 1863

தம்பி,

புண் ஆறிவிட்டது. நானும் வேலையை விட்டுவிட்டேன். போகும்முன் பதிவேட்டில் வின்னின் பெயருக்கு எதிரே இருந்த காய்ச்சலை அடித்துவிட்டு உண்மையை எழுதினேன். தலைமை ஆசிரியர் அந்தத் தாளைக் கிழிப்பார். கிழிக்கட்டும், எழுதியாயிற்று.

ஹியூபர்ட் இத்தனை நாளும் யாரோடும் பேசவில்லை. காலுக்காக அழுகிறான் என்று நினைத்துத் தேற்றிக்கொண்டிருந்தேன். போன வாரம்தான் விஷயம் தெரிந்தது. ஏழு நாளுக்குள் மேட்ரனுக்கும் மருத்துவருக்கும் கால் காட்டப்பட்டதால் அவன் ஓடியதாகக் கணக்கில்லை என்று பந்துக் கூட்டம் முடிவு செய்துவிட்டது. விதி விதிதானே. கால் போனது அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை ஆம்ப்ரோஸ். கால் போயும் கணக்கில் வரவில்லையே என்றுதான் அத்தனை நாளும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.

இன்று மத்தியானம் ட்ரெமெய்ன் வந்தான். தலை வாரி, நல்ல கோட்டுப் போட்டு, கையில் தொப்பியோடு நின்றான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. என்னைப் பார்த்து, "அம்மா, கூட்டத்துல நான்தான் அவனுக்காக வாதாடினேன். ஒரு மனசா தீர்மானம் போட்டிருக்கோம்" என்றான். பிறகு கட்டில் பக்கம் குனிந்தான்.

"ஹியூபர்ட், அடுத்த நவம்பர்ல நீ திரும்ப ஓடலாம். உனக்கு மட்டும் தனிச்சலுகை, பாதித் தூரம். கட்டைக்காலை யாரும் உதைக்க மாட்டாங்க. வலது காலை மட்டுந்தான்."

நான் அவனை வெளியே போ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஹியூபர்ட் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஒரு மாதமாக நான் பார்க்காத சிரிப்பு. "நிஜமாவா? நிஜமாவா சொல்றீங்க?" என்று அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். "பாதித் தூரம் வேணாம். முழுசா ஓடுறேன்" என்றான். இருவரும் கட்டிக்கொண்டார்கள். நான் மூலையில் கட்டுத் துணியை வைத்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகுதான் இரவு சாப்பாட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கட்டைக்கால் எப்போது கிடைக்கும், அதை வைத்து ஓடப் பழக எத்தனை மாதம் ஆகும் என்று என்னைத் துளைத்தெடுத்தான். அப்பா மேல் கோபமா என்று கேட்டேன். "இல்ல அத்தை, இப்ப இல்ல. அடுத்த வருஷம் அப்பா வந்து பார்ப்பாரான்னு கேட்டு எழுதுங்க. ஆனா இந்தத் தடவை ஏழு நாள் முடியுறவரைக்கும் என் பக்கத்துல வரக் கூடாதுன்னும் சேர்த்து எழுதுங்க" என்றான்.

எழுதிவிட்டேன். செவ்வாய்க்கிழமை மத்தியான ரயிலில் அவனை அழைத்து வருகிறேன். இந்தப் பள்ளிக்குத் திரும்ப அனுப்பமாட்டோம் என்று இன்னும் அவனிடம் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

டார்கஸ்